மூன்றடுக்குப் பையில் கட்டிய மக்காச்சோளம் ஏன் கெடுகிறது?

கதிரவன்:
தான்சானியா, டொடோமா பகுதி. சிறு விவசாயிகள் மக்காச்சோளத்தை அறுவடையானதும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு, ஜனவரி, பிப்ரவரியில் அதே தானியத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கித்தான் உகாலி (மக்காச்சோள மாவுக் களி) கிண்டுகிறார்கள். இதை மாற்றத்தான் 100 கிலோ பிக்ஸ் பைகள்: உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறை, வெளியே ஒரு சாக்கு என்று காற்றுப் புகாத மூன்றடுக்குப் பைகள். ஆனால் சில பைகளில் பூசணம், சிலவற்றில் உள்ளிருந்தே பொத்தல். மருந்து போடாமல் வழி உண்டா?

மலர்விழி:
பூசணத்துக்குக் காரணம் ஈரம்தான். இந்தப் பை காற்றைப் போலவே ஈரத்தையும் வெளியே விடாது. காயாததைக் கட்டினால் உள்ளேயே புழுங்கும். 13 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கவே கூடாது.

ஈரமானி இல்லையென்றால் உப்பு போதும். காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோள மணி, இரண்டு மூன்று கரண்டி நன்றாகக் காய்ந்த உப்பு. ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டினால் ஈரம் அதிகம். ஒட்டாவிட்டாலும் 15 சதவீதத்துக்குக் கீழே என்றுதான் அர்த்தம், 13 அல்ல. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அதன்பிறகும் ஒன்றிரண்டு நல்ல வெயில் காட்டுங்கள். தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி அடிக்கடி கிளறவேண்டும், வெறும் மண்ணில் வேண்டாம்.

பூசணம் கண்டதைக் கழுவிச் சாப்பிடச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. பூசணம் உண்டாக்கும் அஃப்லாடாக்சின் என்ற நச்சு சமையல் சூட்டில் போகாது. 2004இல் கென்யாவில் இதனால் 317 பேர் பாதிக்கப்பட்டு, 125 பேர் இறந்தார்கள்.

சேவியர்:
பொத்தல் போடுவது பெரும்பாலும் டுமுஸி என்ற தானியம் துளைக்கும் வண்டு. பிளாஸ்டிக்கையும் துளைக்கும். மணிகளைச் சலித்து, கதிர்ச்சக்கைத் துண்டு இல்லாமல் போடுங்கள்.

கட்டும் முறையையும் பாருங்கள். முதலில் உள் உறைகளில் காற்றை நிரப்பி அமுக்கினால் ஓட்டை தெரிந்துவிடும். நிரப்பும்போது மணியை அழுத்தி, காற்றை வெளியேற்றுங்கள். உறையின் வாயை முறுக்கி, மடக்கி, ரப்பர் பட்டையால் இறுக்க வேண்டும். இரண்டாம் உறை, வெளிச்சாக்கு இரண்டையும் அதேபோல் தனித்தனியாகக் கட்டுங்கள். பூச்சிகள் மூச்சுவிட்டே ஆக்சிஜன் குறைந்து, தின்பதை நிறுத்திச் சாகும். வாரம் ஒருமுறை பையைத் திறந்தால் புதுக்காற்று புகுந்து அவை பிழைத்துக்கொள்ளும்.

கதிரவன்:
ஒரே பையிலிருந்துதான் தினமும் எடுக்கிறார்கள்!

சேவியர்:
அதை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த சில வாரச் சாப்பாட்டுக்கு வேண்டியதைச் சாதாரணச் சாக்கில் தனியே வைக்கட்டும். மற்ற பைகளைச் சுவரில் ஒட்டாமல் பலகைமேல் அடுக்கி, ஒன்று காலியான பிறகே அடுத்ததைப் பிரிக்கட்டும். எலி கடித்த உறையை மட்டும் மாற்றினால் போதும், முழுப் பையையும் எறிய வேண்டாம்.