வல்ச்சரில சண்டை நேரம் பவர் காணாது: பிப்பை எப்பிடிப் பிரிக்கிறது?

கொக்குவில்_வல்ச்சர்:

வணக்கம் அண்ணையாக்கள். விளையாட்டு எலீட் டேஞ்சரஸ், விண்கப்பல் ஓட்டிறது, கொம்பியூட்டரில. கப்பல் வல்ச்சர், சின்னச் சண்டைக்கப்பல். ஹை ரெஸ்ஸில (சுரங்கக்காரரைத் தேடிக் கொள்ளைக்காரர் வாற இடம்) கொள்ளைக்காரரை அடிச்சு பவுண்டி (தலைக்குக் குடுக்கிற காசு) எடுக்கிறதுதான் வேலை. எஞ்சினியரிங் (சாமானை மேம்படுத்திறது) இன்னும் தொடேல்லை.

பூட்டியிருக்கிறது (இலக்கம் சைஸ், எழுத்து தரம், ஏ ஆகத் திறம்): பவர் பிளான்ட் 4ஏ, திரஸ்ரர் (எஞ்சின்) 5டி, டிஸ்ரிபியூட்டர் 5டி, ஷீல்ட் 5ஏ, ரெண்டு பெரிய ஹார்ட்பொயின்றிலயும் (ஆயுதம் பூட்டுற இடம்) கிம்பல் (தானாக் குறிபாத்துத் திரும்பிற) பீம் லேசர். யூட்டிலிட்டி (சின்னச் சாமான் பூட்டுற இடம்) நாலில ஷீல்ட் பூஸ்ரர் 0ஏ, கில் வாரன்ற் ஸ்கானர் (ஆளின்ர மற்றப் பவுண்டியையும் கண்டுபிடிக்கிறது) 0பி, சாஃப் (எதிரியின்ர குறியைக் குழப்பிறது), ஹீற் சிங்க் (வெக்கையை வெளிய தள்ளுறது) ஒவ்வொண்டு. பிரயோரிட்டியில (பவர் காணாட்டி எது முதல்ல நிக்கும் எண்ட வரிசை) ஷீல்ட் மட்டும் 3, மிச்சம் எல்லாம் 1.

முதலாவது பிரச்சினை, ஆயுதத்தை வெளிய எடுத்த உடன ஷீல்ட் நிண்டுபோகுது. ரெண்டாவது, பீம் கொஞ்ச செக்கன் அடிச்ச உடன ஆயுதத் தொட்டி வறண்டுபோகுது, வெக்கையும் 100ஐத் தாண்டுது. மூண்டாவது, எப்பவும் வெப்பனுக்கு 4 பிப் (டிஸ்ரிபியூட்டர் பிரிச்சுக் குடுக்கிற பவர்ப் பங்கு) விட்டுத்தான் ஓடுறன், ரெண்டு பேர் சேந்து அடிச்சா ஷீல்ட் நிக்கிறேல்லை. எங்க பிழை விடுறன்?


சுன்னாகம்_கிறிட்:

தம்பி, பவர் பிளான்ட் வேற, டிஸ்ரிபியூட்டர் வேற. நீர் ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்புறீர். பிளான்ற்றின்ர கணக்கு மெகாவாட்: என்னென்ன சாமான் ஒரே நேரத்தில ஓன் ஆகி நிக்கலாம் எண்டது அதுக்குள்ள அடங்கோணும். டிஸ்ரிபியூட்டர் மூண்டு தொட்டியை (ஷீல்டுக்கான சிஸ், எஞ்சின், வெப்பன்) நிரப்பிற சாமான். உம்மட முதலாவது பிரச்சினை மெகாவாட் பிரச்சினை. பிப்பை எப்பிடி மாத்தினாலும் அது தீராது.

4ஏ பிளான்ட் தாறது 15.6 மெகாவாட். ஆயுதம் உள்ள இருக்கேக்க உம்மட கணக்கு அதுக்குள்ள அடங்குது, வெளிய வந்தா ரெண்டு பீமும் 1.6 படி 3.2 கூடக் கேக்குது. தாண்டின உடன கப்பல் பெரிய இலக்கத்தில இருந்து வெட்டிக்கொண்டு வரும். நீர் 3 இல விட்டது ஷீல்டை, அப்ப அதைத்தானே வெட்டும். வீட்டில தண்ணி மோட்டர் ஸ்ராட் பண்ணேக்க லைற் மங்கும், இஞ்ச மங்கிறேல்லை, ஒரேயடியா நிக்கும். நிண்ட ஷீல்ட் திருப்பி ஓன் ஆகினாலும் முதல்ல இருந்துதான் கட்டுப்பட்டு வரும். அதாலதான் உது பெரிய ஆபத்து.

வெட்டுறதை வடிவாப் பாத்து வெட்டுவம். ஸ்கானர் 0பி தின்னுறது 1.6, 0ஈ தின்னுறது 0.2 தான். வித்தியாசம் தூரம் மட்டும், 3.5 கிலோமீற்றருக்குப் பதிலா 2. ஸ்கான் பண்ற நேரம் ரெண்டிலயும் 10 செக்கன். ரெஸ்ஸில ஆளுக்குக் கிட்டப் போய்த்தானே அடிக்கிறீர், 2 கிலோமீற்றர் தாராளம். இதில மட்டும் 1.4 மெகாவாட் மிஞ்சும். ஒரு பீமைக் கழட்டி கிம்பல் மல்ரி-கனன் (ரவை சுடுற துவக்கு) போட்டா அது 0.97, அங்கயும் 0.6க்கு மேல மிஞ்சும். கார்கோ ஹச் (சரக்கு ஏத்திற கதவு) சும்மா நிண்டு 0.6 தின்னும், அதை 5 இல தள்ளும். சண்டையில அது மூடிக் கிடந்தா ஒரு நட்டமும் இல்லை. பூஸ்ரரைத் தொடாதையும். 0ஏ 1.2 தின்னுது எண்டாலும் 20 வீதம் தருது. 0ஈ 0.2 தின்னு 4 வீதம் தரும், மெகாவாட் கணக்கில 0ஈ கொஞ்சம் லாபம்தான், ஆனா யூட்டிலிட்டி நாலே நாலு.

பிரயோரிட்டியை இப்பிடி மாத்தும்: கீபோட்டில 4ஐ அமத்தி வலப்பக்கப் பனலில மொடியூல் பக்கத்துக்குப் போம். திரஸ்ரர், லைஃப் சப்போர்ட், எஃப்எஸ்டி (வேற தொகுதிக்குப் பாயிற எஞ்சின்), இடமிருந்தா டிஸ்ரிபியூட்டர், இவை 1. ஷீல்டும் பூஸ்ரரும் 2. ஆயுதமும் சென்சரும் 3. ஸ்கானர் 4. ஹச் 5. இதுக்கொரு காரணம் இருக்கு. எதிரி உம்மட பவர் பிளான்ட்டைக் குறிபாத்து அடிச்சு அது பழுதானா, பிளான்ட் தாறது 40 வீதம் வரைக்கும் இறங்கும். 15.6 இல 40 வீதம் 6.24. முதலாம் கூட்டம் அந்த 6.24க்குள்ள நிண்டா, அடி வாங்கினாலும் ஓடித் தப்பலாம். அதைத் தாண்டினா ஆயுதமும் இல்லை, எஞ்சினும் இல்லை, அந்த இடத்திலயே மிதக்க வேண்டியதுதான்.


தோட்டக்கிணறு:

பிளான்ட் பக்கம் அவர் சொன்னது முழுக்கச் சரி. நான் பிப்பைச் சொல்லுறன்.

டிஸ்ரிபியூட்டரை வெங்காயத் தறைக்குத் தண்ணி கட்டுற மாதிரி யோசியும். கிணறு ஒண்டு, மெசின் ஒண்டு, பாத்தி மூண்டு: சிஸ், எஞ்சின், வெப்பன். மெசின் இறைக்கிற தண்ணி ஒரே அளவுதான், கூட வராது. தண்ணி கட்டுறவர் மண்வெட்டியோட நிண்டு எந்த வாய்க்காலை வெட்டி எதை அடைக்கிறார் எண்டதிலதான் எல்லாம். நீர் ஒரு வாய்க்காலைத் திறந்துவிட்டிட்டு வரம்பில இருந்திட்டீர், அதுதான் உம்மட பிழை.

மொத்தம் 6 பிப். ஒரு பக்கத்துக்கு ஆகக் கூடினது 4. தொடக்கத்தில 2-2-2 (சிஸ்-எஞ்சின்-வெப்பன் வரிசையில). ஒரு பக்கத்தின்ர அம்புக் கீயை ஒருக்கா அமத்தினா அந்தப் பக்கம் ஒண்டு ஏறும், மற்ற ரெண்டில இருந்தும் அரை அரையா இறங்கும். ரெண்டு தரம் அமத்தினா 4-1-1. கீழ் அம்பு றீசெற், திரும்ப 2-2-2. இதுக்குள்ள விளங்க வேண்டிய ஒண்டு: நிரம்புற வேகம் பிப்புக்கு நேர் விகிதம் இல்லை. 2 பிப் தாறது 4 பிப் தாறதின்ர பாதியிலும் கொஞ்சம் குறைவு. அதால சண்டைக்குள்ள 2-2-2 இல நிக்கிறது மூண்டு பாத்தியையும் வாட விடுற வேலை.

ஒவ்வொரு பக்கமும் ரெண்டு வேலை செய்யுது. கனபேருக்கு ஒண்டுதான் தெரியும்.

வெப்பன் தொட்டியில இருந்துதான் ஒவ்வொரு சூட்டுக்கும் சக்தி போகுது. அது இறங்க இறங்க அதே சூடு கூட வெக்கையைக் கக்கும். உமக்கு 100 தாண்டுறது இதாலதான். ரெண்டு பெரிய பீமும் 5டி டிஸ்ரிபியூட்டரும் ஒருக்காலும் ஒத்துவராது. தொட்டி கால்வாசிக்கு வந்த உடன விரலை எடும். அடியில வறண்டுபோக விட்டு அடிக்கிறது தொட்டிக்கும் கூடாது, வெக்கைக்கும் கூடாது. முதல்ல 5ஏ டிஸ்ரிபியூட்டர் வாங்கும், பிறகுதான் மிச்சக் கதை.

எஞ்சின் பிப் கப்பலின்ர ஓட்டத்தையும் திரும்பிற வேகத்தையும் கூட்டும். பூஸ்ற் அந்தத் தொட்டியில இருந்து ஒரு பெரிய வாளியா அள்ளிக்கொண்டு போகும். தொட்டியில அவ்வளவு இல்லாட்டி பூஸ்ற் வராது. திரும்பேக்க திரொட்டிலை நீலப் பகுதிக்குள்ள (வேகக் கோட்டில நீலமாத் தெரியிற இடம், அங்கதான் கப்பல் கெதியாத் திரும்பும்) வைக்க மறக்காதையும்.

சிஸ் பிப்தான் உம்மட மூண்டாவது பிரச்சினைக்கு மருந்து. சிஸ்ஸில 4 பிப் இருந்தா ஷீல்டில விழுற அடியில 60 வீதம் குறையும். 100 விழ வேண்டிய இடத்தில 40. அதே ஷீல்ட் ரெண்டரை மடங்கு தாக்குப்பிடிக்கும், ஒரு மெகாவாட் கூடச் செலவில்லாமல். நீர் எப்பவும் வெப்பனில 4ஐ வைச்சு, சிஸ்ஸில ஒண்டோட நிண்டு அடி வாங்கிறீர்.

இனி ஒரு வைப்பரோட (சின்னச் சண்டைக்கப்பல்) ஒரு சுத்து எப்பிடி எண்டு பாப்பம். 3 கிலோமீற்றரில வாறான், இன்னும் சுடேல்லை: எஞ்சின் ரெண்டு தரம், 1-4-1. கிட்டப் போறதுக்குள்ள பூஸ்ற் ஒண்டு அடிச்சாலும் தொட்டி திரும்ப நிரம்பும். முகத்துக்கு முகம் வாறியள், ரெண்டு பேரும் சுடப்போறியள்: றீசெற், சிஸ் ரெண்டு தரம், 4-1-1. வெப்பன் தொட்டி நிறைஞ்சுதான் கிடக்கு, ஒரு பிப்போட அந்த ஒரு பாய்ச்சலுக்கு அது காணும். அவன் உம்மைக் கடந்து போய்த் திரும்பப் பாக்கிறான்: றீசெற், எஞ்சின் ரெண்டு தரம், நீலப் பகுதிக்குள்ள திரொட்டில், மூக்கை அவனுக்குப் பின்னால கொண்டுவாரும். பின்னால ஒட்டியாச்சு, அவனால உம்மைச் சுட ஏலாது: றீசெற், வெப்பன் ரெண்டு தரம், 1-1-4, 600 மீற்றருக்குள்ள போய் அடியும். பீம் லேசர் தூரத்தில அடியை இழக்கும், அந்தத் தூரத்துக்குள்ளதான் முழு அடியும் விழும். ரேடரில ரெண்டாவது ஆள் வந்து அடிக்கத் தொடங்கின உடன, யோசியாமல் சிஸ்.

ஆர் என்னைச் சுடுறான், நான் ஆரைச் சுடுறன் எண்ட கேள்விக்கு அந்த அந்த நிமிசத்தில மறுமொழி மாறும். பிப்பும் அதோட மாறோணும்.


கொக்குவில்_வல்ச்சர்:

பெரிய உபகாரம் அண்ணை. ஒரு சந்தேகம். அடி வாங்கிக்கொண்டு நிக்கேக்க சிஸ் தொட்டி வெறுமையாப் போச்செண்டா, 4 பிப் வைச்சும் பிரயோசனம் இருக்கோ? மற்றது, எனக்கு வலக்கையில மவுஸ். அம்புக்குறிக்குக் கையைக் கொண்டுபோற நேரத்தில கப்பல் நேர போகுது.


தோட்டக்கிணறு:

இருக்கு. அந்த 60 வீதக் குறைப்பு பிப்பைப் பாத்துத்தான் வருது, தொட்டியில எவ்வளவு கிடக்கு எண்டதைப் பாத்து இல்லை. தொட்டி முழுக்க வறண்டிருந்தாலும் 4 பிப்பில குறைப்பு முழுசா நிக்கும். தொட்டி வேண்டியது ஷீல்ட் திரும்ப ஏறுறதுக்கு. வறண்டா ஏத்தம் மந்தமாகும், அவ்வளவுதான். இதைத் தெரியாமல் "தொட்டி வெறுமை, இனி என்னத்துக்கு" எண்டு பிப்பை எடுத்து வெப்பனில போடுற ஆக்கள் கனக்க. அந்த நேரத்திலதான் ஷீல்ட் உடையிறது.


வல்வெட்டி_கீபோட்:

கை பிரச்சினைக்கு: செற்றிங்ஸில கொன்ரோல்ஸ் பக்கத்தில பவர் பிரிக்கிற நாலு பட்டினும் தனித்தனியா இருக்கு. மவுஸில பெருவிரல் பட்டின் ரெண்டு இருந்தா ஒண்டை சிஸ்ஸுக்கும் மற்றதை வெப்பனுக்கும் குடும். எஞ்சினையும் றீசெற்றையும் இடக்கை விரல் எட்டுற வெறும் எழுத்துக்குக் குடும். பெருவிரல் பட்டின் இல்லாட்டி, ஒரு மொடிஃபயர் கீயோட சேத்து டபிள்யூ, ஏ, எஸ், டி நாலையும் பிப்புக்குப் பாவிக்கலாம். கை நகராது. எப்பவும் றீசெற்றில இருந்து தொடங்கும், அப்பத்தான் பனலைப் பாக்காமல் விரல் தானாப் போகும்.

ரெண்டு பேரோட மாட்டுப்பட்டு, ஆனா ஒருத்தனைக் கெதியா முடிக்கோணும் எண்ட இடத்துக்கு இன்னொண்டு: றீசெற், சிஸ் ரெண்டு, வெப்பன் மூண்டு. 2-0-4 இல வந்து நிக்கும். ஷீல்டுக்கும் கொஞ்சம் இருக்கு, அடிக்கும் முழுசா இருக்கு. எஞ்சின் சுழி எண்டபடியால் கப்பல் கனக்கும், பூஸ்ற் தொட்டி ஏறாது. பெரிய கப்பலுக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு நிக்கேக்க மட்டும் பாவியும்.

யாழ்ப்பாணத்தில விளையாடுற எல்லாருக்கும் ஒண்டு: இந்த விளையாட்டு இணையம் இல்லாமல் ஓடாது. லப்ரொப் பற்றறியில நிண்டாலும், கரண்ட் போனா றவுற்றர் நிண்டு கோடு அறுந்திடும். றவுற்றருக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போட்டா அந்த இடைவெளி தெரியாது, வாங்க முதல் உங்கட றவுற்றரின்ர அடப்ரரில 12 வோல்ட்தான் எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ. மழைக்காலத்தில கோடு தளம்பினா சோலோவில (தனிய விளையாடுற முறை) நிண்டு பவுண்டி எடுங்கோ. ஓப்பினில (எல்லாரும் ஒண்டா விளையாடுற முறை) ஆக்களின்ர கொம்பியூட்டர் ஒண்டோடொண்டு நேரடியாக் கதைக்கிறபடியால், மற்றவன்ர கோடு மோசமா இருந்தாலும் உங்களுக்குத் தெரியும். ஆபத்துக்குள்ள நிண்டு மெனுவால வெளிக்கிட்டா 15 செக்கன் எண்ணும், அந்த 15 செக்கனும் சிஸ் 4 இலதான் இருக்கோணும்.


சுன்னாகம்_கிறிட்:

ரெண்டு விசயம் விட்டுப்போச்சு, தம்பி.

ஆயுதத்தை ரெண்டு ஃபயர் பட்டினுக்குப் பிரிச்சு விடும். முதலாவதில பீம், ரெண்டாவதில மல்ரி-கனன். ஷீல்ட் நிக்கும் மட்டும் பீம், ஷீல்ட் விழுந்த உடன பீமை விட்டிட்டு மல்ரி-கனன். அது வெப்பன் தொட்டியில கொஞ்சமாத்தான் எடுக்கும், உடம்பை நல்லாக் கிழிக்கும். அந்த இடைவெளியில தொட்டி அடுத்த ஆளுக்கு நிரம்பியிடும். கிம்பல் மல்ரி-கனனுக்கு மகசினில 90, கையிருப்பில 2100 ரவை. தொட்டி வறண்ட கடைசி நேரத்துக்கும் கைகுடுக்கிறது அதுதான்.

ஷீல்ட் செல் பாங்க் (அமத்தினா ஷீல்டை ஏத்திற சாமான்) போடுவமோ எண்டு யோசிப்பீர். உம்மட நிலையில வேண்டாம். மெகாவாட் தின்னும், பாவிக்கேக்க வெக்கை ஒரேயடியா ஏறும், அமத்தினதுக்கும் ஷீல்ட் ஏறுறதுக்கும் இடையில சில செக்கன் பிந்தும். அந்த இடைவெளிக்குள்ள கீபோட்டில 'வீ' கீயை அமத்தி ஹீற் சிங்க் விடாட்டி உம்மட மொடியூலே கருகும். அதைவிட 5சி பை-வீவ் ஷீல்டைப் பாரும். 5ஏயை விடக் குறைய மெகாவாட், பலமும் குறைவுதான், ஆனா உடைஞ்சாலும் கெதியாக் கட்டுப்பட்டு வரும். ரெஸ்ஸில ஒருத்தனை முடிச்சு அடுத்தவனைத் தேடுற நேரம் சிஸ்ஸில 4 விட்டா, அடுத்த சண்டைக்குள்ள நிறைஞ்சிருக்கும். கெதியா ஏறுறபடியால் சிஸ் தொட்டியும் கெதியா இறங்கும், அதைக் கணக்கில எடும்.


கொக்குவில்_வல்ச்சர்:

ஸ்கானர் 0ஈ, ஒரு பக்கம் மல்ரி-கனன், டிஸ்ரிபியூட்டர் 5ஏ, ஹச் 5 இல. இப்ப ஆயுதம் வெளிய இருக்கேக்கயும் பவர் கோடு சிவப்பாகேல்லை, ஷீல்ட் நிக்குது. எஞ்சினியரிங் தொடங்கினா முதல்ல எதைச் செய்யட்டும், பிளான்ட்டோ டிஸ்ரிபியூட்டரோ?


தோட்டக்கிணறு:

டிஸ்ரிபியூட்டர். வைர்ட் தொகுதியில த டுவெல்லர் எண்ட எஞ்சினியர், டிஸ்ரிபியூட்டரை 5ஆம் தரம் மட்டும் செய்வார். அஞ்சு வெவ்வேறு கறுப்புச் சந்தையில சாமான் விக்கோணும், பிறகு 500,000 கிரெடிற் குடுக்கோணும், அதோட கதவு திறக்கும். சார்ஜ் என்ஹான்ஸ்ட் எண்ட மேம்படுத்தலை எடும், அதுக்கு மேல சூப்பர் கொண்டியூற்ஸ் எண்ட விசேட எஃபெக்ற்றைப் போடும். தொட்டி கொஞ்சம் சின்னனாகும், நிரம்புற வேகம் நல்லாக் கூடும். பிப்பை மாத்தி மாத்தி ஓடுற ஆளுக்கு நிரம்புற வேகம்தான் காசு.

பிளான்ட்டை ஓவர்சார்ஜ் (கூட மெகாவாட் தாற மேம்படுத்தல்) பண்றது பிறகு. மெகாவாட் கூடும், ஆனா பிளான்ட்டின்ர உறுதி குறையும், வெக்கையும் கூடும். வல்ச்சரில அது வெளிய இருக்கிற இலக்கு மாதிரி, தெரிஞ்சவன் அதைத்தான் குறிபாப்பான். நீரும் அப்பிடிச் செய்யலாம்: அனகொண்டா (பெரிய கப்பல்) வந்தா அவன்ர ஷீல்டை இறக்கிப்போட்டு, கீபோட்டில 'வை' கீயை அமத்தி அமத்தி பவர் பிளான்ட்டைத் தெரிவு செய்து மல்ரி-கனனால அதிலயே அடியும். அவன் சாஃப் எறிஞ்சா கிம்பல் அலையும், அந்த நேரம் சுடாமல் விரலை எடுத்து, வெப்பன் தொட்டியை நிரப்பும்.