பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச்சுற்று சுற்றி நின்றுவிடும்: நாமே பூட்டிய கம்ப்யூட்டர் உயிர் வராமல் படுத்திய கதைகள்

மூன்று ராத்திரித் தூக்கத்தைத் தின்ற விஷயம் இது. நடந்து ஏழு மாதம் ஆகிவிட்டதால் இப்போது சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பழைய கேபினெட் நல்ல கனமான தகடு, தூக்கிப்போட மனசு வரவில்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டு மதர்போர்டு, பிராசசர், ராம், எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் எல்லாம் புதிதாக வாங்கினேன். பழைய போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ், சதுரமாகச் சின்னதாக இருக்கும். புதியது முழு ஏடிஎக்ஸ், அதைவிட நீளம். பொறுமையாக உட்கார்ந்து பூட்டி, ஒயர்களை அழகாகக் கட்டி, மூடியும் போட்டுவிட்டுப் பட்டனை அழுத்தினேன். பிராசசர் ஃபேன் ஒரு துடி துடித்தது. அரைச்சுற்றுகூட இல்லை. நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினால் அசைவே இல்லை. பின்னால் சுவிட்சை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் அதே துடிப்பு, அதே மௌனம்.

இதில் என்னை ஏமாற்றியது போர்டின் ஓரத்தில் எரிந்த குட்டி விளக்கு. விளக்கு எரிகிறது, அப்படியென்றால் கரண்ட் சரி என்று நினைத்துக்கொண்டேன். அது 5 வோல்ட் ஸ்டாண்ட்பை. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் வந்துகொண்டே இருக்கும். பிராசசருக்குப் போகும் 12 வோல்ட் நிலைமை என்ன என்று அந்த விளக்குக்குத் தெரியாது.

முதல் ராத்திரி எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம். என்னுடையதில் ஒயர்கள் நிறநிறமாக இருக்கும். போர்டுக்குக் கரண்ட் கொண்டுபோகும் 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, அதில் ஒன்றே ஒன்றாக இருக்கும் பச்சை ஒயரையும் (எஸ்எம்பிஎஸ்ஸை ஆன் ஆகச் சொல்லும் ஒயர் அது) பக்கத்துக் கறுப்பையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தேன். போர்டு இல்லாமலே எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் ஓடியது. மல்டிமீட்டர் வைத்தால் 12.1 வோல்ட். 11.4-லிருந்து 12.6 வரை இருக்கலாம், ஆக அதில் குற்றமில்லை.

இரண்டாம் ராத்திரி ராமை மாற்றி மாற்றிச் செருகினேன், போர்டில் இருக்கும் குட்டி பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. விவரம் தெரிந்த ஒருவரிடம் போனில் சொன்னேன். முழுதாகக் கேட்கும் முன்பே “போர்டு போச்சு” என்று தீர்ப்பு எழுதிவிட்டார். திருப்பி அனுப்பலாம் என்று அட்டைப்பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

மூன்றாம் ராத்திரி அந்தப் பெட்டிதான் காப்பாற்றியது. அனுப்பும் முன் ஒரு தடவை என்று போர்டை வெளியே எடுத்து அந்த அட்டைப்பெட்டி மேலேயே வைத்தேன். (அது வந்த பளபளப்பான பையின் மேல் வைக்காதீர்கள். அந்தப் பையின் வெளிப்புறம் கொஞ்சம் மின்சாரம் கடத்தும்.) பிராசசர், அதன் கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ், அவ்வளவுதான். பட்டன் ஒயர் மாட்டும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டேன். ஃபேன் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது!

போர்டு சரி, எஸ்எம்பிஎஸ் சரி என்றால் மிச்சம் கேபினெட்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். போர்டைத் தூக்கிப் பிடிக்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்கள் வரிசையாக நின்றன. அடி வரிசையில் புதிய போர்டுக்காக நான் போட்டவை. அதற்குச் சற்று மேலே, பழைய போர்டின் கீழ் வரிசைக்காக என்றோ போட்ட இரண்டு அப்படியே இருந்தன. புதிய போர்டில் அந்த இடத்தில் துளையே கிடையாது. போர்டைத் திருப்பிப் பார்த்தால், ஈயம் வைத்த புள்ளிகள் நடுவே இரண்டு வட்டத் தடம், பித்தளை உரசிய மஞ்சள் மினுக்கத்தோடு. பட்டனை அழுத்தியதும் சர்க்யூட் நேராகக் கேபினெட் தகட்டோடு ஷார்ட் ஆகியிருக்கிறது. எஸ்எம்பிஎஸ் அதை உணர்ந்து அந்தக் கணமே தன்னை அணைத்துக்கொண்டிருக்கிறது. கெட்டுப்போனது என்று நான் திட்டிய பொருள்தான் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்கிறது.

இரண்டையும் பிளையரால் சுழற்றி எடுத்தேன். பூட்டினேன். ஓடியது.

* * *

மேலே எழுதியவரைப் போல எனக்கும் ஒரு ராத்திரி போனது, ஆனால் காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எல்லா ஃபேனும் ஓடுகிறது, மானிட்டரில் சிக்னல் இல்லை. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்டி, மறுபடி கழற்றி மாட்டி... கடைசியில் பார்த்தால் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் செருகியிருக்கிறேன். என் இன்டெல் பிராசசர் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடியும் வகை. அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. படம் எங்கிருந்து வரும்?

* * *

என் கதையில் எதுவுமே பழுதில்லை. பொறுமைதான் இல்லை.

டிடிஆர்5 ராம் போட்ட முதல் மெஷின். அழுத்தினால் ஃபேன் ஓடும், திரை கறுப்பு, போர்டில் டிராம் (DRAM, ராமைத்தான் சொல்கிறது) என்று எழுதிய இடத்தில் விளக்கு எரியும். ஒரு நிமிடம் பார்ப்பேன், பட்டனைப் பிடித்து அணைப்பேன். இப்படி ஆறேழு தடவை. அப்புறம் ஒரு போன் வந்தது, மெஷினை அணைக்காமல் எழுந்து போய்விட்டேன். பேசி முடித்துத் திரும்பினால் பயாஸ் திரை, அதாவது போர்டின் சொந்த செட்டிங்ஸ் திரை, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது! புது ராமைப் போட்டதும் பிராசசர் அதன் வேகத்துக்கும் நேரக்கணக்குக்கும் தன்னைப் பழக்கிக்கொள்ளும். மெமரி டிரெயினிங் என்பார்கள். முதல் தடவை சில நிமிடங்கள் ஆகும். ஒவ்வொரு தடவையும் பாதியில் அணைத்து, பாவம், அதை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்திருக்கிறேன்.

ராம் இரண்டு என்றால் பெரும்பாலான போர்டுகளில் பிராசசர் பக்கமிருந்து எண்ணி 2, 4 ஆகிய ஸ்லாட்களில்தான் போட வேண்டும் என்பதையும் அன்றுதான் போர்டுடன் வந்த புத்தகத்தில் படித்தேன். எல்லாம் பூட்டிய பிறகு.

* * *

பிராசசருக்குக் கரண்ட் தரத் தனியாக ஒரு 8 பின் கேபிள் உண்டு, போர்டின் மேல் மூலையில் செருகுவது. அதை மறந்தவன் நான். 24 பின்னை மட்டும் மாட்டிவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்தேன். கூலரை மாட்டிய பிறகு அந்த மூலைக்குள் விரல்கூட நுழையாது, முதலிலேயே செருகிவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும். அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தால் அது தப்பான கேபிள்.

* * *

மேலே சொன்னதெல்லாம் சிரித்து மறக்கக்கூடியவை. என்னுடையது அப்படியில்லை.

கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய எஸ்எம்பிஎஸ் என்னுடையது. புதியது வாங்கியபோது பழையதன் சாட்டா கேபிள்கள் (எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் ஆகிய டிரைவ்களுக்குக் கரண்ட் கொண்டுபோகிறவை) ஏற்கெனவே உள்ளே அழகாக ஓடியிருந்தன. அவற்றையே புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினேன், கச்சிதமாகப் பொருந்தியது. ஆன் செய்ததும் ஒரு சின்ன ‘டிக்’, கூடவே பிளாஸ்டிக் கருகிய வாடை. டிரைவ் பக்கத்து முனை எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு அப்படிப் பொதுவான ஒழுங்கு கிடையாது. 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்திருக்கிறது. எஸ்எஸ்டி போனது, பழைய ஹார்ட் டிஸ்க்கும் போனது. எஸ்எஸ்டியைத் திரும்ப வாங்கிவிடலாம், ஹார்ட் டிஸ்க்கில் இருந்த படங்களை எங்கே போய் வாங்குவது?

* * *

முதலில் எழுதியவர்தான். கேபிள் கதையைப் படித்ததும் எழுந்துபோய் என் பழைய கேபிள்களை எல்லாம் ஒரு கவரில் போட்டு, எந்த எஸ்எம்பிஎஸ்ஸுடையது என்று மேலே எழுதி வைத்தேன்.

ஷார்ட் ஆனதால் போர்டுக்கு ஏதும் ஆகவில்லையா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். ஏழு மாதமாகத் தினமும் ஓடுகிறது. பின்பக்கத்து யூஎஸ்பிகளில் மேலே உள்ள ஒன்று மட்டும் எதைச் செருகினாலும் கண்டுகொள்வதில்லை. அது அந்த மூன்று ராத்திரியின் வேலையா, வரும்போதே அப்படித்தானா என்று தெரியவில்லை. அதில் ஒயரில்லா மவுஸின் டாங்கிளை (சிக்னல் வாங்கும் குட்டித் துண்டு) செருகி வைத்திருக்கிறேன், மவுஸ் தொலைந்துவிட்டது, டாங்கிளாவது தொலையாமல் இருக்கட்டும்.