‘தன்னாட்சி ஒதுக்கீடு’ வேண்டாமே

வணக்கம்.

சுவிட்சர்லாந்து நிர்வாகச் சீர்திருத்தம் பற்றிய கட்டுரைகளில் வரும் ‘குளோபல் பட்ஜெட்’டுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் பினாங்கு ஜார்ஜ் டவுன் அன்பர் ‘தன்னாட்சி ஒதுக்கீடு’ என்று பரிந்துரைத்திருந்தார். முன்பு வந்த ‘உலகளாவிய பட்ஜெட்’டுக்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் அங்கே நடந்ததைத் தன்னாட்சி என்று சொல்ல மனம் வரவில்லை.

பழைய முறையில் சம்பளம், தளவாடம், பயணம் என்று நாடாளுமன்றம் தலைப்புவாரியாகப் பணம் ஒதுக்கும். புதிய முறையில் அலுவலகத்துக்கு ஒரே தொகை. கூடவே இன்ன பலன் காட்ட வேண்டும் என்ற பணிக்கட்டளை. எப்படிப் பிரித்துச் செலவழிப்பது என்பது அந்த அலுவலகத் தலைவரின் பாடு. கூட்டாட்சி அரசு 1997இல் வானிலை, நிலப்பட அலுவலகங்களில் தொடங்கி, 2017இல் நிர்வாகம் முழுமைக்கும் இந்தப் போக்கைக் கொண்டுபோனது.

அதிகாரம் கைமாறியதா என்றால், கொஞ்சம். ‘பயணச் செலவில் பாதியை வெட்டு’ என்று உறுப்பினர்கள் சொல்லும் பிடி தளர்ந்தது. மக்களின் பிடி அப்படித் தளரவில்லை. கன்டோன்கள் எனப்படும் சுவிஸ் மாநிலங்களில் வரம்பைத் தாண்டும் புதிய செலவு மக்கள் வாக்குக்குப் போகலாம். சில இடங்களில் போயே ஆக வேண்டும். ஒரு புதிய மருத்துவமனையை அந்த ஒரே தொகைக்குள் சுருட்டி வைத்துவிட முடியாது. கூட்டாட்சியில் செலவுக்கு இந்த வாக்கெடுப்பு கிடையாது, சட்டத்துக்கு உண்டு: 100 நாளில் 50,000 கையெழுத்து சேர்ந்தால் போதும்.

இங்கே மலேசியாவில் 1965இல் ஊராட்சித் தேர்தல் நின்றது முதல் நியமனம் பெற்றவர்களே நகரை நடத்துவதைப் பார்க்கிறோம். ‘தன்னாட்சி’ என்றதும் பினாங்கு, கோலாலம்பூர் மாணவர் கேட்பாரில்லாத அதிகாரியைத்தான் நினைப்பார்.

என் பரிந்துரை: ஒருதொகை ஒதுக்கீடு.

*

அக்கா, வாதம் சரி, சொல்தான் இடிக்கிறது. ‘ஒருதொகை’ என்றால் இங்கே 55 வயதில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை மொத்தமாக எடுப்பதுதான் ஞாபகம் வரும். ‘தொகுப்பு ஒதுக்கீடு’ எப்படி? ‘தலைப்புவாரி ஒதுக்கீடு’ என்று எதிர்ச்சொல்லும் கிடைத்துவிடும்.

*

சரி தம்பி, அப்படியே பதிகிறேன். விளக்கத்தில் ‘பலன் இலக்குடன்’ என்பதை மட்டும் விட்டுவிட வேண்டாம். அது இல்லாவிட்டால் வெறும் மானியம். அப்புறம், கன்டோன்களின் அந்த வாக்கெடுப்பை யாரோ ‘நிதி வாக்கெடுப்பு’ என்று பதிந்திருக்கிறார்கள். கேள்வி செலவைப் பற்றியதுதானே, ‘செலவு வாக்கெடுப்பு’ போதாதா?