மீன்பிடித் தடைக்காலத்தில் கடைகள் சேர்ந்து சொந்தமாக நோட்டு அடிக்கலாமா?

மளிகைக்கடை_பாம்பன்:
பாம்பனில் சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகுகள் கரையோடு நின்றுவிடும், ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களில் கல்லாவில் சில்லறைதான் கிடக்கும், கடன் எழுதும் பற்று நோட்டு மட்டும் தடித்துக்கொண்டே போகும். அரசு நிவாரணம் 8,000 ரூபாய் வந்தாலும், வந்த வேகத்தில் ராமநாதபுரத்துப் பெரிய கடைகளுக்கும் ஆன்லைனுக்கும் போய்விடுகிறது. 2009-இல் அமெரிக்காவில் கார் தொழில் படுத்தபோது டெட்ராய்ட் நகரத்து வியாபாரிகள் சிலர் 'டெட்ராய்ட் சியர்ஸ்' என்று தாங்களே நோட்டு அடித்து, உள்ளூர்க் கடைகளில் மட்டும் செல்லும்படி விட்டார்களாம். இங்கே நான், ஒரு மருந்துக்கடை, இரண்டு டீக்கடை, ஒரு ஜவுளிக்கடை சேர்ந்து அப்படிச் செய்தால் என்ன?

பென்ஷன்_வங்கி:
தம்பி, ஆசை நல்லதுதான், ஆனால் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934, பிரிவு 31. கொண்டுவருபவர் கேட்டவுடன் பணம் தருகிறேன் என்று சொல்லும் சீட்டை ரிசர்வ் வங்கியையும் மத்திய அரசையும் தவிர யாரும் வெளியிடக் கூடாது. உங்கள் கடைக்கு மட்டும் செல்லும் முன்பணக் கூப்பன் என்றால் அனுமதி தேவையில்லை, அதைத் திருப்பிக் கொடுத்து ரொக்கம் வாங்க முடியாது, அவ்வளவுதான். அதே கூப்பன் ஐந்து கடையில் செல்லும் என்றால் கதை வேறு, ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் கேட்பார்கள். பேப்பர் வேண்டாம், உலோகத்தில் டோக்கன் அடிக்கலாம் என்றும் யாராவது யோசனை சொல்வார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள், நாணயச் சட்டத்தில் அதுவும் குற்றம்.

கருவாட்டு_அக்கா:
சட்டம் கிடக்கட்டும். நான் தங்கச்சிமடம். சில வருஷம் முன்னால் ஒரு வியாபாரி கருவாட்டுக்குக் காசு தராமல் கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டு கொடுத்தார், பக்கத்தில் இருந்த அரிசிக் கடையில் காட்டினால் அரிசி தருவார்கள். முதல் மாதம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் அரிசிக்காரர் "அந்த ஆள் எனக்கே பாக்கி வைத்திருக்கிறார்" என்று கையை விரித்துவிட்டார். என்னிடம் நாலு சீட்டு மிச்சம், மழையில் நனைந்து மையெல்லாம் ஊறிப் போய் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. உங்கள் நோட்டைக் கடைசியில் கையில் வைத்துக்கொண்டு நிற்கப் போவது யார், அதை முதலில் சொல்லுங்கள் அண்ணே.

மண்டபம்_பொருளாதாரம்:
அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. ஆஸ்திரியாவில் வோர்கல் என்ற ஊரில் 1932-இல் மேயரே உள்ளூர்ப் பணம் வெளியிட்டார், சாலை வேலைக்கு அதில்தான் கூலி. வாங்கியவர் அதையே கொடுத்து ஊர் வரியைக் கட்டலாம், அதனால் பணம் சுற்றியது. பெட்டியில் பூட்டினால் மாதம் 1 சதவீதம் மதிப்பு போகும், ஸ்டாம்ப் வாங்கி ஒட்ட வேண்டும், யார் வைத்திருப்பார்கள்? அடுத்த வருஷமே அந்நாட்டு மத்திய வங்கி தடை போட்டுவிட்டது. இங்கிலாந்தில் 2012-இல் வந்த பிரிஸ்டல் பவுண்டிலும் உள்ளூர் வரி கட்ட முடிந்தது, மேயர் சம்பளத்தையே அதில் வாங்கினார். அதுவும் நிலைக்கவில்லை.

இப்போது பாம்பனுக்கு வருவோம். தடைக்காலத்தில் ஊருக்குள் வேலையே இல்லை என்று சொல்ல முடியாது, படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலை சீர் பார்ப்பது எல்லாம் அப்போதுதான். நீங்கள் கடனாகத் தந்த நோட்டைப் படகுக்காரர் ஆசாரிக்குக் கொடுப்பார், ஆசாரி உங்களிடம் பருப்பும் எண்ணெயும் வாங்குவார், அதுவரை அழகாக ஓடும். நீங்கள் மதுரை மொத்த வியாபாரியிடம் அதை நீட்டினால் எடுப்பாரா? மாட்டார். ஆக நோட்டு முழுக்க உங்கள் கல்லாவில் குவியும், ஜூன் 15-க்கு அப்புறம் படகுக்காரர் மீன் பிடித்து வந்து ரூபாய் தந்தால்தான் கணக்குத் தீரும். அது அவருடைய கடன்தானே? பற்று நோட்டில் இருப்பதையே கலர் பேப்பரில் அடிக்கிறீர்கள். மீன்பாடு சரியில்லை, அல்லது எல்லை தாண்டியதாகப் படகு இலங்கையில் மாட்டிக்கொண்டது என்றால் நஷ்டம் உங்கள் தலையில்.

மளிகைக்கடை_பாம்பன்:
புரிகிறது. என் பற்று நோட்டில் இப்போதே பதினேழு படகுக்காரர் பெயர் இருக்கிறது, அதில் மூன்று பேர் போன வருஷப் பாக்கி. பென்ஷன் சார், அப்படியென்றால் நான் மட்டும் ஜூலையிலிருந்து, மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களில், வாரம் 100 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு தடைக்காலத்தில் சாமானாகக் கொடுத்தால் தப்பில்லையே? 1,000 கட்டியவருக்கு இரண்டு கிலோ அரிசி கூடுதலாகத் தரலாம் என்று பார்க்கிறேன்.

கருவாட்டு_அக்கா:
கட்டுகிற பணத்தைச் சரக்கில் போட்டு முடக்காமல் தனியாக வைத்தால் நான் முதல் ஆளாகச் சேருகிறேன். அரிசி எந்த ரகம்?