‘மிஸ்பிஹேவ்’ என்னும் வினையின் பயன்பாடு குறித்து ஓர் ஐயம்

குழுவிலுள்ள ஆங்கில ஆசிரியர்களுக்கு வணக்கம். களுவாஞ்சிகுடியில் சாதாரண தர மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு, ‘மிஸ்பிஹேவ்’ என்னும் வினையை விளக்குவதில் உங்கள் உதவி தேவைப்படுகிறது. வகுப்பில் பிள்ளைகள் செய்யும் குழப்படியையும் அது குறிக்கிறது. பேருந்தில் ஒருவர் பெண்ணொருத்தியிடம் அத்துமீறுவதையும் எங்களவர்கள் ‘மிஸ்பிஹேவ் வித்’ என்றே எழுதுகிறார்கள். ‘வித்’ சேர்ப்பது பெரும்பாலும் தெற்காசிய வழக்கு என்பதை அறிவேன். பெருங்குற்றத்தை அது சிறு குறும்பாக்கிவிடுகிறது என்பதே என் எண்ணம். ஆனால் இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 107 ஆம் உறுப்புரையில், உயர் நீதிமன்ற நீதியரசர்களைப் பதவிநீக்குவதற்கான காரணமாக இதன் பெயர்ச்சொல்லே நிற்கிறது. அங்கே குறும்புக்கு இடமேது? பரீட்சை விடைத்தாளில் மாணவர் ‘மிஸ்பிஹேவ் வித்’ என்று எழுதினால் புள்ளி குறைப்பீர்களா, அதற்குப் பதிலாக எந்த வினையைக் கற்பிக்கிறீர்கள் என்பதை அறியத் தாருங்கள்.