திரையில் 92, பேனல் முன்னால் பூஜ்யம்

மின்பணி ஆசிரியர்:
பாதுகாப்புப் பயிற்சிக்குக் கணினித் தேர்வு வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன், விடைத்தாள் திருத்தும் வேலை மிச்சம் பாருங்கள். அந்த பேட்ச்சில் ஒரு பையன் 100க்கு 92 வாங்கினான். மறுநாள் அவனைப் பயிற்சி பேனல் முன்னால் நிறுத்தி, மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். பிரேக்கரை ஆஃப் செய்தான், பூட்டுப் போட்டான், சாவியைச் சட்டைப்பையில் வைத்தான், எச்சரிக்கை டேக் மாட்டினான். அப்புறம் டெஸ்டரை எடுத்து மூன்று ஃபேஸையும் தொட்டுவிட்டு, "சப்ளை இல்லை சார்" என்று ஸ்பானரைத் தேடினான். அந்த டெஸ்டரின் ஒயரை உள்ளுக்குள் அறுத்து வைத்திருந்தது நான்தான் (பேனலில் நிஜமாகவே சப்ளை கிடையாது, பயப்படாதீர்கள்). எதைத் தொட்டாலும் அது பூஜ்யம்தான் காட்டும். முதலில் சப்ளை உள்ள இடத்தில் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு இங்கே தொட்டு, மறுபடி அங்கேயே போய்ச் சரிபார்க்க வேண்டும். தேர்வில் இந்தக் கேள்விக்குச் சரியாகத்தான் கிளிக் செய்திருக்கிறான். எப்படியடா என்றால், "நாலில் அதுதான் சார் நீளமா இருந்தது" என்கிறான். திட்டவும் வழியில்லை, கேள்வி எழுதியது நான்.

மறுமொழி 1:
எங்களுக்கு மதிப்பெண்ணே தலைவலி. 70 எடுத்தால் பாஸ். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தொட்டிக்குள் இறங்கக்கூடாது என்பதற்கும் ஒரு மதிப்பெண், ஹெல்மெட் நிறத்துக்கும் ஒரு மதிப்பெண்! முன்னதில் கோட்டை விட்டுப் பின்னதில் தேறி, சான்றிதழோடு வேலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சண்டை போட்டுத்தான் சில கேள்விகளுக்குச் சிவப்புக் குறி வாங்கினோம். அதில் ஒன்று தவறினாலும் மொத்தமும் ஃபெயில்.

மறுமொழி 2:
எனக்கு நேர்ந்தது தலைகீழ். கிரேனில் சுமை கட்டுவதில் கை தேர்ந்தவர் ஒருவர் இரண்டு முறை ஃபெயில். கேள்வி இப்படி இருந்தது: "கீழ்க்கண்டவற்றுள் பாதுகாப்பற்றது அல்லாதது எது?" எனக்கே இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. அதையே வாயால், நேராகக் கேட்டேன். மனிதர் இரண்டு கையையும் தலைக்கு மேல் சேர்த்து, மெல்ல விரித்துக் காட்டினார்: சுமையைக் கொக்கியில் மாட்டும் ஸ்லிங் கயிறு இப்படி விரிய விரிய இழுவை கூடும், நடுவில் கோணம் 120 டிகிரி ஆகிவிட்டால் இரண்டு பக்கமும் தனித்தனியே முழுச் சுமையைத் தாங்கணும், அந்த அளவுக்கு விடவே மாட்டேன் என்றார். அப்புறம்தான் விசாரித்தேன், அன்றுவரை அவர் மவுஸைப் பிடித்ததே இல்லையாம்.