பிப்ரவரி கடைசியில் வராங்கர்: ஸ்டெல்லர் ஐடரும் கிங் ஐடரும் பார்க்க எந்த ஊரில் தங்குவது?

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோவையிலிருந்து எழுதுகிறேன். பன்னிரண்டு வருடமாகப் பறவை பார்க்கிறேன். சிங்காநல்லூர் குளமும் உக்கடம் குளமும்தான் எனக்குப் பள்ளிக்கூடம். அக்கா ஒஸ்லோவில் இருக்கிறாள். பிப்ரவரி 20-லிருந்து மூன்று வாரம் அவளோடு இருப்பேன். அதில் ஐந்து நாளை எடுத்துக்கொண்டு நார்வேயின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வராங்கர் தீபகற்பத்துக்குத் தனியாகப் போக ஆசை.

ஸ்டெல்லர் ஐடரின் படத்தைப் பறவைக் கையேட்டில் முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பதினாறு வயது. அந்தப் பக்கம் கிழியும் அளவுக்குப் புரட்டியிருக்கிறேன். இந்த ஒரு வாத்தைப் பார்த்துவிட்டால் போதும். கிங் ஐடரும் கிடைத்தால் பெரிய பாக்கியம்.

நான் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. அனுபவித்த அதிகபட்சக் குளிர் ஊட்டியில் ஒரு ஜனவரி விடியல். கேட்க நினைப்பது இவ்வளவுதான்: எந்த ஊரில் தங்கினால் நல்லது? அந்த மாதத்தில் வெளிச்சம் இருக்குமா? வாடகைக் கார் எடுத்து நானே ஓட்டலாமா? அங்கே போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வடகடல் எழுதியது:

தங்கச்சி, நான் வராங்கர் கரையில் வாட்ஸோ என்ற ஊரில்தான் இருக்கிறேன். 1989-ல் நார்வேயின் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்குக்கு வந்தேன். அந்தக் காலத்தில் இந்தக் கரையோர மீன் தொழிற்சாலைகளில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வேலை செய்தார்கள். நானும் இந்தத் தீபகற்பத்தின் வடகரையில் இருக்கும் போட்ஸ்ஃபியோர்டில் பதினொரு வருடம் கொட் மீன் வெட்டினேன். விடியற்காலை வேலைக்கு இறங்குதுறை வழியாக நடந்து போகும்போது இருட்டுக்குள், தண்ணீரிலிருந்து யாரோ மூக்கால் ராகம் இழுப்பது மாதிரி ஒரு சத்தம் வரும். அது வாத்து என்று தெரிய எனக்கு இரண்டு பனிக்காலம் ஆனது. நீண்ட வால் வாத்து; இங்கே ஹாவெல்லெ என்பார்கள். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் போய்த்தான் இந்தப் பழக்கம் வந்தது. முப்பது வருடத்துக்கு மேலாகிறது, விடவில்லை.

முதலில் வெளிச்சம். கார்த்திகை, அதாவது நவம்பர் கடைசியிலிருந்து தை, அதாவது ஜனவரி நடுப்பகுதி தாண்டும் வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வராது. நீங்கள் வருவது மாசி, அதாவது பிப்ரவரி கடைசி. அப்போது எட்டு மணி நேரத்துக்கு மேல் பகல் இருக்கும். நாளுக்கு எட்டு, ஒன்பது நிமிடம் கூடிக்கொண்டே போகும். ஆனால் ஒன்று. இங்கே கிழக்குக் கோடியில் இருக்கும் வார்டோ என்ற ஊர், இஸ்தான்புல்லை விடவும் கிழக்கே இருக்கிறது. மணி மட்டும் ஒஸ்லோ மணி. அதனால் காலை ஏழு மணிக்கே விடிந்துவிடும், பின்னேரம் மூன்றரைக்குச் சூரியன் விழுந்துவிடும். ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்காகக் காத்திருந்தால் நல்ல நேரம் போய்விடும். பாணும் சீஸும் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குளிருக்குப் பயப்பட வேண்டாம். உள்நாட்டில் கராஷோக் என்ற ஊரில் 1886-ல் மைனஸ் 51.4 பதிவாகியிருக்கிறது. கரையில் அப்படியில்லை. அட்லாண்டிக்கிலிருந்து வெதுவெதுப்பான நீரோட்டம் வடக்கே ஏறி இந்தக் கரையைச் சுற்றி வருகிறது. அதனால் எழுபதாம் பாகையிலும் கடல் உறைவதில்லை. சைபீரியப் பக்கம் தண்ணீர் கட்டியாகிவிட்டால் வாத்துகள் இங்கே வருவதற்குக் காரணமே அதுதான். மைனஸ் ஐந்து, மைனஸ் பத்துக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். ஆளை வீழ்த்துவது காற்று. காற்று புகாத மேல் உடுப்பு, உள்ளே கம்பளி, ஒரு அளவு பெரிய சப்பாத்து. சப்பாத்துக்குக் கீழே மாட்டுகிற இரும்பு முள் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். அது இல்லாமல் இறங்குதுறையில் கால் வைக்க வேண்டாம். துறை விளிம்பில் உறைந்த கடல்நீர் கண்ணாடி மாதிரி இருக்கும்.

இப்போது இடம். இங்கே வருகிறவர்கள் செய்யும் பிழை, ஒரே நாளில் வாட்ஸோ, எக்கரோய், வார்டோ என்று ஓடுவது. பனிக்காலத்தில் பறவைகள் ஓடாது. சாப்பாடு இருக்கிற, அலை குறைந்த இடத்தில் நாள் முழுக்க இருக்கும். நீங்களும் ஒரு துறைமுகத்தைப் பிடித்து, காற்று படாத சுவருக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் இருங்கள்.

ஸ்டெல்லர் ஐடருக்கு வாட்ஸோ. ஊருக்கு எதிரே பாலத்தால் இணைத்த சின்னத் தீவு ஒன்று இருக்கிறது. 1926-ல் துருவப் பயணி ஆமுன்சன் போன ‘நோர்கே’ ஆகாயக் கப்பலைக் கட்டி நிறுத்திய இரும்புக் கம்பம் அங்கே இன்னும் நிற்கிறது. அந்தக் கம்பத்தைத் தாண்டிக் கரைக்கு நடந்து போய்க் கடற்பாசிப் பாறைகளின் ஓரத்தைப் பாருங்கள். ஆழக்கடலில் தேடாதீர்கள், இது கரையை ஒட்டி மேய்கிற சின்ன வாத்து. ஆணுக்கு வெள்ளைத் தலை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, பிடரியில் பாசிப்பச்சையில் ஒரு சின்னக் குஞ்சம். மார்பு தேன் நிறம். அந்தத் தேன் நிறத்தின் பக்கத்தில் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு, நாவூறு படாமல் இருக்கக் குழந்தைக்கு வைத்த மாதிரி.

இவை முங்குவதைப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் முதலாவது தலையைக் குத்தினால் கண் மூடித் திறப்பதற்குள் அத்தனையும் உள்ளே போய்விடும். கடல் வெறிச்சென்று கிடக்கும். அங்கே வாத்து இருந்தது என்று யாரும் நம்பமாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்று, இரண்டு, பிறகு ஒரேயடியாக எல்லாம் தக்கை மாதிரி மேலே வரும். அவை தண்ணீருக்குள் இருக்கும்போது கிட்ட ஓடிப் போய் நின்று படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மேலே வந்ததும் ஆளைக் கண்டு பறந்துவிடும். இந்தக் குளிரில் ஒவ்வொரு பறப்புக்கும் அவை சாப்பிட்டுச் சேர்த்ததைச் செலவழிக்க வேண்டும். முன்பே போய் இருந்தால், அவையாகவே இருபது மீற்றருக்குள் வரும்.

ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். நான் வந்த காலத்தில் இவற்றின் பெரிய கூட்டங்களைத் துறைமுகத்துக்குள்ளேயே பார்த்தேன். இப்போது எண்ணிக்கை நன்றாகக் குறைந்துவிட்டது. ஒரு பகுதி கிழக்கே ருஷ்யக் கரையிலேயே தங்கிவிடுவதாகக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. ஆனாலும் உலக அளவிலேயே அழியும் வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில்தான் இருக்கிறது. பெயருக்குரிய ஸ்டெல்லர், 1741-ல் மாலுமி பேரிங்குடன் அலாஸ்கா வரை போன இயற்கை ஆய்வாளர். அவர் கண்டு எழுதிய கடற்பசு இனம், அதற்குப் பிறகு முப்பது வருடம்கூட இருக்கவில்லை. ஒவ்வொரு மாசியிலும் இந்த வாத்தை எண்ணும்போது எனக்கு அந்தக் கடற்பசுவின் நினைவு வரும்.

கிங் ஐடருக்குப் போட்ஸ்ஃபியோர்ட். துறைமுகத்திலேயே கூட்டமாக இருக்கும். தண்ணீர் மட்டத்தில் மிதக்கிற மறைவிடம் ஒன்று அங்கே இருக்கிறது; விடியுமுன் படகில் கொண்டுபோய் விடுவார்கள். காசு அதிகம், முன்பே பதிவு செய்ய வேண்டும்.

இடையில் ஒரு நாள் வார்டோ. அங்கே பர்ப்பிள் சாண்ட்பைப்பர் என்கிற உள்ளான், அலை அடிக்கிற பாறையில் காலுக்குக் கிட்டவே ஓடித் திரியும். எதிரே இருக்கும் ஹோர்னோயா தீவுக்குக் கில்லமொட் பறவைகள் திரும்பத் தொடங்கும் காலம் அது. தீவுக்குப் படகு வழக்கமாகப் பங்குனியில், அதாவது மார்ச்சில்தான் ஓடும், கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டாலும் கவலையில்லை, துறைமுகத்தில் கிளாக்கஸ் கல் என்ற வெள்ளைச் சிறகுக் கடற்காகம் நிற்கும். கடற்காகங்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிக் கத்தினால் மேலே பாருங்கள், வெண்வால் கடற்கழுகு வருகிறது என்று அர்த்தம்.

ஃப்ரேம்_எண்_7 எழுதியது:

டொராண்டோவிலிருந்து இரண்டு வருடம் முன்பு மார்ச்சில் போயிருந்தேன். பறவை விஷயத்தில் வடகடல் அண்ணன் சொன்னதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. கேமரா பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஒரு முழு நாளை இழந்தேன்.

காலை முழுக்க வெளியே இருந்துவிட்டு, பெரிய லென்ஸைக் கையில் பிடித்தபடி சூடான அறைக்குள் நுழைந்தேன். ஒரு நிமிடத்தில் கண்ணாடி முழுக்க வியர்த்தது. துடைத்துவிட்டு உடனே வெளியே போனேன். அந்த ஈரம் அப்படியே உறைந்து, ஃபோகஸ் வளையம் திரும்ப மறுத்தது. அன்று பின்னேரம் ஐஸ்லாந்து கல் என்ற கடற்காகம் ஒன்று தலைக்கு மேல் வட்டமிட்டது, என்னிடம் படம் இல்லை.

உள்ளே வருமுன், வெளியிலேயே கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். அறையில் இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள். மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி குறைந்தது மூன்று இருக்கட்டும், சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள். பைனாகுலர் கண்பகுதியில் மூச்சு படாமல் மூக்கைத் திருப்பி வைத்துக்கொள்ளப் பழகுங்கள். படம் எடுக்காதவருக்கும் இது வேண்டும்.

நொய்யல்கரை எழுதியது:

வடகடல் அண்ணா, ரொம்ப நன்றிங்க. இரண்டு முறை படித்துவிட்டு அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். கார் பற்றி நீங்கள் சொல்லவில்லை. ஆனைமலைச் சாலைகளில் நன்றாக ஓட்டுவேன். அப்புறம், ஜிர் ஃபால்கன் என்ற பெரிய வல்லூறின் கூடு எங்கே இருக்கும் என்று தெரிந்தால் சொல்ல முடியுமா?

வடகடல் எழுதியது:

தங்கச்சி, கார் வேண்டாம். மலைப்பாதையில் நன்றாக ஓட்டுகிறவர்தான், நம்புகிறேன். ஆனால் காற்று பனித்தூளைச் சாலைக்குக் குறுக்கே அள்ளிக்கொண்டு போகும்போது சாலை எது, வயல் எது, கடல் எது என்று விளங்காது. போட்ஸ்ஃபியோர்ட் மலைப்பாதையில் தடுப்பை இறக்கிவிடுவார்கள். வரிசையில் நின்று, பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் முன்வாகனத்தின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். சில நாளில் அதுவும் இல்லை, பாதை பூட்டுத்தான். முப்பது வருடம் ஓட்டிய நானே புறப்படுமுன் 175-க்குப் போன் போட்டுப் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்பேன்.

கார் இல்லாமலே போகலாம். சின்ன விமானத்தில் வாட்ஸோவுக்கு வாருங்கள். இரண்டு இரவு. அங்கிருந்து வார்டோவுக்குச் சுமார் 75 கிலோமீற்றர், பஸ் ஓடுகிறது. கடைசியில் கடலுக்கு அடியால் போகும் சுரங்கம். 1982-ல் திறந்தது, இந்த நாட்டின் முதல் கடலடிச் சாலை. வார்டோவில் ஒரு இரவு. மறுநாள் பின்னேரம் தெற்கே போகும் கரையோரக் கப்பலில் ஏறினால் அன்று இரவே போட்ஸ்ஃபியோர்டில் இறக்கிவிடும். வெளிச்சம் இருக்கும் வரை மேல்தளத்தில் நில்லுங்கள், லிட்டில் ஓக் என்ற சின்னக் கடற்பறவை கிடைத்தாலும் கிடைக்கும். போட்ஸ்ஃபியோர்டில் இரண்டு இரவு தங்கி, அங்கிருந்தே விமானம். கடல் கொந்தளித்தால் கப்பல் துறையைத் தவறவிடும், ஆகவே ஒஸ்லோவுக்குத் திரும்பும் நாளில் வேறு எந்த வேலையும் வைக்காதீர்கள்.

ஜிர் ஃபால்கன் கூடு பற்றி: தெரியும், சொல்லமாட்டேன். கோபிக்க வேண்டாம். அது மாசி, பங்குனியிலேயே கூட்டுப் பாறைக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் கண்டால் கைவிட்டுவிடக்கூடும். முட்டை திருடிய காலமும் உண்டு. துறைமுகத்தில் வாத்துகளும் கடற்காகங்களும் திடீரென்று பதறினால் வானத்தைப் பாருங்கள். வேட்டைக்கு வரும்போது பார்ப்பதுதான் அழகு.

போட்ஸ்ஃபியோர்டில் மறைவிடத்துக்குப் போகாத நாளில், மீன் தொழிற்சாலைக்குப் பக்கத்து இறங்குதுறையில் நில்லுங்கள். கிங் ஐடர் ஆண் ஒன்று சீ அர்ச்சின் என்ற, முள்ளெலி மாதிரி இருக்கிற கடல் உருண்டையோடு மேலே வரும். அலகில் அதை மெல்ல உருட்டி, முள்ளோடு முழுசாக விழுங்கும். தொண்டை வழியாக அது இறங்குவது வெளியே தெரியும். செம்மஞ்சளாகப் புடைத்த நெற்றி, சாம்பல்நீலத் தலை, கன்னத்தில் வெளிர்பச்சை, சிவந்த அலகு. அந்தக் கறுத்த தண்ணீரில் இவ்வளவு நிறமும் ஒரே தலையில்! வேலை இடைவேளையில் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து, எத்தனையோ நாள் தேத்தண்ணி ஆறிப்போயிருக்கிறது.

நொய்யல்கரை எழுதியது:

அண்ணா, போய் வந்தாயிற்று. ஒஸ்லோவிலிருந்து எழுதுகிறேன்.

வாட்ஸோவில் முதல் நாள் முழுக்கப் பனிக்காற்று, எதிரே இருந்த பாலம்கூடத் தெரியவில்லை. இரண்டாம் நாள் ஆறேமுக்காலுக்குக் கம்பத்தைத் தாண்டி நடந்து, படகுக் கொட்டகைச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வானம் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. ஒன்பது மணிக்குப் பாறை ஓரமாக வந்தார்கள். நாற்பத்தொன்று. நீங்கள் சொன்ன பொட்டை முதலில் பார்த்தேன், அப்புறம்தான் மற்றது. எல்லாரும் ஒரே சமயத்தில் முங்கியபோது அழுதுவிட்டேன். பைனாகுலர் வியர்த்துவிட்டது, அதனால் அடுத்த முறை மேலே வந்ததைப் பார்க்கவில்லை.

போட்ஸ்ஃபியோர்டில் கிங் ஐடர் இரண்டு நாளும் இருந்தது. ஹாவெல்லெ சத்தத்தை இருட்டிலேயே கேட்டேன். ஜிர் ஃபால்கன் வரவில்லை. வார்டோவில் ஹோர்னோயா படகு ஓடவில்லை, ஆனால் கில்லமொட்கள் தீவை நோக்கி வரிசை வரிசையாகப் பறந்ததைக் கரையிலிருந்து பார்த்தேன்.

வடகடல் எழுதியது:

நல்லது தங்கச்சி, மனம் நிறைந்தது. நாற்பத்தொன்றை இங்கத்தைய ஆர்ட்ஸ்ஓப்செர்வாஸ்யோனெர் தளத்தில் பதிய வேண்டும், வருடா வருடம் கணக்குக்கு உதவும். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பிரித்து எண்ணினீர்களா? கூட்டத்தில் இளம் ஆண்கள் இருந்தனவா? உங்கள் படங்களில் முதல் முங்கலுக்கு முன் எடுத்தது ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், நான் உட்கார்ந்து எண்ணிச் சொல்கிறேன்.